சிலுப்பாத கிடாயின் தோல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு தைக்கிற பொம்பளைக்கு வாய் நீளமில்லாவிட்டால் பிழைக்க முடியாது. “பொம்பளையா தைக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவனிடம், “இல்லிங்க, செருப்பு தானாத் தைச்சுக்குது, நான் சும்மா காவலுக்கு உக்காந்திருக்கேன்” என்பேன். கொழும்புப் பக்கம் ஒரு சப்பாத்துக் கம்பெனியில் இளமையைத் தொலைத்துவிட்டு, தோல் வேலையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவள் நான். கைப்பை, பெல்ட், மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்களுக்குக் கத்தி உறை, எது கேட்டாலும் செய்து கொடுப்பேன். தோலைத் தொட எனக்கு ஒருநாளும் அருவருப்பு இருந்ததில்லை. பயமும் இருந்ததில்லை. ஒரே ஒரு உறை செய்தபோதுதான் இரண்டும் சேர்ந்து வந்தன.

அந்த உறையைக் கேட்டு வந்தவன் வேறு யாருமில்லை, என் தம்பி. மேலே தோட்டத்தில் தேயிலைச் செடியை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிறவன். முனியாண்டி கோவில் திருவிழாவில் கிடாய் வெட்டுகிறவனும் அவன்தான். திருவிழா முடிந்து ஒரு வாரத்தில், மத்தியான மழையில் நனைந்துகொண்டு வந்து, ஓர் உரப்பையை என் மேசையில் வைத்தான். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“என்னடா இது? ஒரம் விக்க எறங்கிட்டியா?”

“மெதுவாப் பேசுக்கா.”

பைக்குள்ளே பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு கத்தி. அதற்குக் கீழே உப்புப் போட்டுச் சுருட்டிய பச்சைத் தோல். கறுப்பு முடி, கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி பெண்சாதி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாய் அது.

அவளுக்கு இரண்டு தரம் வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது. மறுபடி தங்கியதும் முனியாண்டிக்குக் கிடாய் நேர்ந்து, குட்டி வாங்கி வளர்த்தாள். அது அவள் பின்னாலேயே தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் போகும், வரும். என் தம்பி அதை வெட்டுவதற்கென்றே ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு கொல்லரிடம் போய் லொறி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்தான். முழங்கை நீளம் இருக்கும். பிடியைத் தேயிலை வேரில் அவனே செதுக்கினான். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிரை வெட்டக்கூடாது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். “நேந்தது நாங்க, வேற ஆளு கையாலயா குடுக்குறது?” என்றான். அந்தக் கோபத்தில் நான் திருவிழாவுக்கே போகவில்லை.

“இத வச்சு ஒரு ஒற தைக்கணுங்க்கா. இந்தக் கத்திக்கு. இந்தத் தோலுலயேதான்.”

“ஏன், ஒங்க முனியாண்டிக்குக் கடைத் தோலு புடிக்காதாமா?”

அவன் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து, யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினான்.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிடாயைச் சும்மா இழுத்து வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீரை அதன் மேலே தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது, கிடாயும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உடனே பெண்கள் எல்லாரும் குலவை போடுவார்கள். குலவை அடங்குவதற்குள் கத்தி விழும். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டும். அந்தி வரைக்கும் காத்திருந்த வருஷமும் உண்டு.

வீடியோவில் கிடாய் மாலையோடு நிற்கிறது. பூசாரி தண்ணீர் தெளிக்கிறார். அது அசையவில்லை. மறுபடி தெளிக்கிறார். ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரை முதுகில் அப்படியே ஊற்றினார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடுகிறது. ஆடு என்ன, மாடு என்ன, முதுகில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்தப் பிராணிக்கும் தோல் துடிக்கும். இதற்குத் துடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய பூசாரியையும் அது பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி என் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “காத ஆட்டிருச்சுப்பா! அது போதும், வெட்டு! மழ வருது, அடுப்பு அணைஞ்சிரும்!”

காதில் ஈ உட்கார்ந்திருந்தது. நானே பார்த்தேன். வீடியோ அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

“அடப்பாவி, சோறு வேகலன்னா வெட்டுன?”

“எல்லாரும் வெட்டு வெட்டுன்னு நின்னாங்கக்கா. கை தூக்கியாச்சு.”

“அவகிட்ட என்ன சொன்ன?”

“சிலுப்புச்சுன்னு சொல்லிட்டேன்.”

வயிற்றுப்பிள்ளைக்காரி வெட்டைப் பார்க்கக்கூடாது என்று அவளைக் கீழே லயத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றான். ஆனால் அன்றையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்துவிட்டதாம். கிளினிக்கில் வைத்துப் பார்த்தால் துடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. பூசாரியிடம் போய் அழுதிருக்கிறான்.

“சம்மதம் கெடைக்காத கத்தி சும்மா இருக்காதாம். அதத் தேடிக்கிட்டே இருக்குமாம். அந்த ஆட்டுத் தோலாலயே மூடி, புள்ள பொறக்குறதுக்குள்ள சாமி காலடியில வச்சிரணுமாம். இல்லாட்டி...” என்று சொல்ல வந்தவன், வாயைத் துடைத்துக்கொண்டான்.

இல்லாட்டி என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பிள்ளை வேண்டும். கல்யாணம், காட்சி எதுவும் பார்க்காதவள் நான். என் வீட்டில் பிள்ளை என்று ஒன்று பிறந்தால் அது அவன் வீட்டில்தான் பிறக்க வேண்டும். “வச்சிட்டுப் போ. இந்த மூஞ்சியோட அவ முன்னாடி போயி நிக்காத” என்று திட்டி அனுப்பினேன்.

பதனிடாத பச்சைத் தோலில் வேலை செய்வது கடைத் தோலில் செய்வது மாதிரி இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்து ஊறப்போட்டேன். பக்கத்தில் லொத்தர் டிக்கட் விற்கிற சிங்கள மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “அக்கே, மொகக்த மே கந்த?” என்றார். என்ன நாற்றம் என்று கேட்கிறாராம். “ஒங்க டிக்கட்டுல விழாத பரிசு எல்லாம் அழுகுது” என்று சிங்களத்திலேயே சொன்னேன். சிரித்துக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு நாற்றத்துக்கும் ஒரு ஈ வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் உண்டு, தைக்க வைத்த செருப்பையே தூக்கிக்கொண்டு ஓடுகிற திருட்டு நாய். அது வாளிக்கு எட்டத்தில் வந்து நிற்கும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். சுண்ணாம்புக் காரம் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடி கழன்றதும் பலகையில் போட்டு மழுங்கின தகட்டால் வழித்தேன். கறுப்பு முடி போனாலும் தோலில் சாம்பல் நிறம் நின்றது. கழுத்துத் திட்டு இருந்த இடம் மட்டும் பால் மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. கழுவி, ஆணி அடித்துக் காயவைத்து, கத்தியைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அளவு வெட்டினேன். எப்படித் திருப்பித் திருப்பி வைத்தாலும் அந்த வெள்ளைத் திட்டு உறையின் முன்பக்கத்தில்தான் வந்தது. மற்ற இடமெல்லாம் ஓரத்தில் மெலிவு, இல்லாவிட்டால் உண்ணி கடித்த ஓட்டை. சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

உறை தைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்ந்த பச்சைத் தோல் பலகை மாதிரி விறைத்து நிற்கும், மடங்காது. தண்ணீர் காட்டி இளக்கி, எண்ணெய் பூசிய கத்தியின் மேலேயே வைத்து மடித்து, வெட்டு வாய் நூலை அறுக்காமல் இருக்க நடுவில் ஓர் உள்பட்டை வைத்துத் தைக்க வேண்டும். காயும்போது தோல் சுருங்கிக் கத்தியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கத்தியின் உருவம் அப்படியே தோலில் ஏறிவிடும்.

அதனால் தகர டின்னில் தண்ணீர் எடுத்து, மேசையில் விரித்த தோலின் மேல் கையால் தெளித்தேன். எத்தனையோ தோலுக்குத் தெளித்த கைதான். தெளித்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மறுபடி தெளித்தேன். மறுபடி பார்த்தேன். வெளியே எஹலியகொட பஸ்ஸுக்கு ஆட்கள் ஏறுகிற சத்தம் கேட்கிறது, பட்டப்பகல், நான் செத்த தோல் ஒன்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது சிலுப்புமா என்று காத்துக்கொண்டு இருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. “சீ, கிறுக்குச் சிறுக்கி” என்று என்னையே திட்டிக்கொண்டு குத்தூசியை எடுத்தேன்.

அது அசையவில்லை. உயிரோடு இருந்தபோதே அசையாதது, இப்போதா அசையப் போகிறது. இருந்தாலும், அது அசையாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மெழுகு நூலில் ஒவ்வொரு தையலாக இழுத்து, பிடி தொடங்குகிற இடம் வரைக்கும் கத்தியை உள்ளே தள்ளித் தைத்து முடித்தேன். மேசையில் காயவைத்து மேலே ஒரு பத்திரிகைத்தாளைப் போட்டு மூடினேன். அந்த நேரம் பார்த்து, “மதினி” என்று கூப்பிட்டுக்கொண்டு என் தம்பி பெண்சாதியே வந்து நின்றாள்.

கிளினிக் நாள் அது. கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு முந்தி என் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம். இந்தக் கத்திக் கூத்தில் எனக்கு நாளே மறந்துபோயிருந்தது. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க புள்ள?”

“நல்லாருக்காம். அசையிறத எண்ணிப் பாக்கச் சொன்னாங்க. எண்ணுறதுக்கு அசையணுமே மதினி.” ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். “என்னது, ஆட்டு வாட அடிக்குது?”

நான் பொய் ஒன்றைத் தேடுவதற்குள் பத்திரிகைத்தாளைத் தூக்கிவிட்டாள். பிறகு ஒரு விரலை நீட்டி அந்த வெள்ளைத் திட்டைத் தடவினாள்.

“இது என் கிடாதானே.”

“ஒன் புருஷன் கேட்டான். கத்திக்கு ஒறைனு...” என்று இழுத்தேன்.

“சிலுப்பலைன்னு எனக்குத் தெரியும் மதினி.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“சிலுப்புனா குலவைச் சத்தம் கீழ லயம் வரைக்கும் கேக்கும்ல? நான் வாசல்ல நின்னு காத்துக்கிட்டே இருந்தேன். குலவ வரல. தப்பு மேளம் அடிக்கிறது நின்னுச்சு. அப்புறம் வெட்டு வெட்டுன்னு கத்துற சத்தம்தான் வந்துச்சு. அவரு வந்து சிலுப்புச்சுன்னு சொன்னாரு. மொகத்தப் பாக்கப் பாவமா இருந்துச்சு, சரின்னுட்டேன்.”

புருஷன் அவளுக்காக மறைக்கிறான், அவள் புருஷனுக்காக மறைக்கிறாள். நடுவில் அந்த அசையாத பிள்ளை. எழுந்து தேத்தண்ணிக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

“பூசாரி தெளிச்சா அது எப்படிச் சிலுப்பும்? அதுக்கு அவரத் தெரியுமா?” என்று எனக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. “வளத்தவ நான்தானே. என்னையத்தானே கேக்க விட்டிருக்கணும்.”

திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கையைத் தண்ணீர் டின்னுக்குள் விட்டிருந்தாள்.

“ஏ புள்ள, வேணாம்!”

தெளித்துவிட்டாள். தண்ணீர் உறையின் மேல் சிதறி, வெள்ளைத் திட்டின் மேல் சொட்டுச் சொட்டாக நின்றது. தோல் அசையவில்லை.

அவள் வயிறு சிலுப்பியது.

பிள்ளை உதைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனை பேர் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் மேடு தட்டும், அடங்கும். இது அப்படி இல்லை. மேல் வயிற்றில் தொடங்கி அடிவயிறு வரைக்கும் ஒரே நடுக்கம், சட்டைத் துணி படபடக்கிற அளவுக்கு, முதுகில் தண்ணீர் பட்ட ஆடு உதறுகிறது மாதிரி. ஒரு தரம் நடந்தது. நின்றுவிட்டது.

“அசையுது மதினி!” அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். “ஐயோ, சிலுப்பிருச்சு! சாமி ஏத்துக்கிருச்சு! குலவ போடுங்க மதினி, குலவ போடுங்க!”

வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. குலவைக்கு அடுத்து என்ன விழும் என்று எனக்குத் தெரியும். சம்மதம் கிடைக்கிற வரைக்கும் கத்தி தேடிக்கொண்டே இருக்கும் என்று பூசாரி சொன்னார். அது கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. இப்போது யார் கொடுத்தது?

மேசையைப் பார்த்தேன். பிடி வரைக்கும் உள்ளே தள்ளித் தைத்த கத்தி, ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. ஈரத்தில் தோல் இளகியிருக்கும், அவள் கை பட்டு நகர்ந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதையெல்லாம் யோசிக்க நான் அங்கே நிற்கவில்லை. பிடியில் என் பலம் முழுக்கக் கொடுத்துக் கத்தியை உள்ளே அழுத்தினேன். உறையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துச் சலூனுக்கு ஓடினேன். சாமி கத்தியை ஹேர் ட்ரையர் வைத்துக் காயவைத்த ஒரே ஆள் இந்தச் சப்ரகமுவை மாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன். சலூன்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சூடு பட்டதும் தோல் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுருங்கியது. தையல்கள் ஒவ்வொன்றாக இறுகின. பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கத்தி வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொழுது சாய்வதற்குள் தம்பியை வரச்சொல்லி அதைக் கொடுத்தேன். மலையில் முனியாண்டிக் கல்லின் காலடியில் கொண்டுபோய் வைத்தான். வயிறு சிலுப்பியதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவள் சொன்னாள், சந்தோஷமாக. அவன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டானாம்.

நாள் வருவதற்கு முந்தியே வலி வந்துவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி ஃபோன் எடுத்தான். குரலே அவனுடையதாக இல்லை.

“கொடி கழுத்துல சுத்திருக்காம்க்கா. வயித்த வெட்டித்தான் எடுக்கணுமாம்.”

நான் கையிலிருந்த சப்பாத்தைக் கீழே போட்டேன். “அவகிட்டக் கேட்டாங்களாடா?”

“என்னது?”

“டொக்டர் அவகிட்டக் கேட்டாரான்னு கேக்குறேன்! சம்மதம் கேட்டாரா?”

“கேட்டாருக்கா. சரின்னு தலையாட்டிட்டா.”

அப்போதுதான் குலவை போட்டேன். நடு பஸ் ஸ்டாண்டில், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. லொத்தர்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். பிடிக்கவில்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் வெட்டு விழுந்தே தீரும் என்றால், அது கேட்டுவிட்டு விழட்டும், அவள் வயிற்றோடு முடியட்டும் என்றுதான் போட்டேன்.

முடிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண்பிள்ளை. இப்போது நடக்கிறாள், வாய் என்னை மாதிரியே.

போன திருவிழாவுக்குக் கிடாய் வெட்ட அந்தக் கத்தியை எடுக்கப் போனவர்கள், ஆள் மாற்றி ஆள் இழுத்துப் பார்த்துவிட்டு, முனியாண்டி பிடித்துக்கொண்டார் என்று கும்பிட்டு வைத்துவிட்டார்கள். வேறு ஆள், வேறு கத்தி. என் தம்பி அந்த வேலையை விட்டுவிட்டான்.

முனியாண்டியும் பிடிக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. காய்ந்த பச்சைத் தோல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும், கத்தி தானாகக் கையோடு வந்துவிடும். அது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மழையை நம்பி ஒரு நாளும் இருக்க முடியாது. அதனால் தம்பியைப் பிடித்து நச்சரித்து, அந்தக் கல்லுக்கு மேலே தகரக் கூரை போடவைத்தேன். காற்றோடு சாரல் அடிக்கிற நாளில் கடையைப் பூட்டிவிட்டு மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் போகிற நாளில் லயத்துக்கும் போவேன். அவள் பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருப்பாள். முதல் செம்புத் தண்ணீர் முதுகில் பட்டதும் பிள்ளை தோளையும் தலையையும் சிலுப்பிச் சிரிக்கும். எல்லாப் பிள்ளையும்தான் சிலுப்பும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிலுப்பாமல் என்ன செய்யும். தம்பி அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்க மாட்டான். நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கடைசிச் செம்பை ஊற்றி முடித்ததும் பிள்ளையை வாங்கி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, இறுக்கி மூடிக்கொள்வேன்.